கை படாத பங்குகள்

கோல்டர் ஜங்ஷனில் தொப்பிக் கடை வைத்திருந்த ஹில்டா ப்ரென்னமனைப் பற்றி ஊரில் இரண்டு பேச்சு உண்டு. பிடிவாதக்காரி என்பது ஒன்று, பொய் சொல்லத் தெரியாதவள் என்பது இன்னொன்று. இரண்டும் சேர்ந்து ஒரே ஆளிடம் இருந்தால் என்ன ஆகும் என்பதை, பென்சில்வேனியாவின் இந்த ரயில்வே ஊர் 1932 பிப்ரவரியில்தான் பார்த்தது.

பங்குச் சந்தை விழுந்த பிறகு தொப்பி வாங்க யார் வரப்போகிறார்கள்? பிழைப்புக்காக ஹில்டா பிலடெல்பியாவிலிருந்து ஒரு டிரஸ்டின், அதாவது பலரிடம் பணம் சேர்த்துக் கம்பெனிப் பங்குகள் வாங்கிவைக்கும் நிதியின், ஏஜென்சியை எடுத்தாள். டிரஸ்ட் என்ற சொல்லைக் கேட்டாலே ஊர்க்காரர்களுக்குப் பற்றிக்கொண்டு வரும். பெரிய மேனேஜர்களை நம்பிப் பணம் போட்டு மொத்தத்தையும் தொலைத்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள். ஹில்டா விற்றது வேறு வகை. அதை அவள் கல்லாவில் நின்றபடியே விளக்குவாள்.

"பீச், பேரி, ப்ளம்னு இருபத்தெட்டு பழத்த ஒரு ஜாடியில போட்டு மூடி ஒட்டியாச்சுன்னு வச்சுக்கோங்க. பழம் ஒவ்வொண்ணும் ஒரு கம்பெனிப் பங்கு. ஜாடி பேங்க்ல இருக்கும். ஒண்ண எடுத்துட்டு இன்னொண்ணப் போட எந்த மேனேஜருக்கும் அதிகாரம் கெடயாது. போட்ட பணத்துக்குத் தக்கபடி உங்களுக்கு ஆளுக்கு ரெண்டு கரண்டி, அஞ்சு கரண்டி, அவ்வளவுதான்."

"பழம் அழுகிட்டா?" என்று கேட்டாள் ரூத் ஆம்பாக். ரயில் தொழிலாளிகளுக்குச் சாப்பாட்டு விடுதி நடத்துபவள்.

"லாபப் பங்கு குடுக்கறத எந்தக் கம்பெனி நிறுத்துதோ, அத உடனே வித்துடணும். பத்திரத்துலயே எழுதியிருக்கு. தயவு தாட்சண்யமே கெடயாது."

"அப்படித்தான் இருக்கணும்" என்று கடையில் இருந்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள். ஏதோ ஒரு சர்க்கரைக் கம்பெனியையும் எஃகு ஆலையையும் மனதில் வைத்துத்தான் அத்தனை தலையும் ஆடியது. ஜாடிக்குள் நம் ஊருக்குச் சோறு போடும் வேலி லைன் ரயில்வேயும் இருந்ததே, அதை நினைத்து யாராவது ஆட்டினார்களா என்றால் இல்லை. சொந்தப் பிள்ளை பரீட்சையில் தோற்கும் என்று எந்தத் தாய் நினைப்பாள்?

அந்தக் குளிர்காலத்தில் நிலக்கரி வேகன்கள் பக்கப் பாதைகளில் வரிசையாகப் பனி மூடிக் கிடந்தன. பட்டறையில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. லைன் இந்த முறை லாபப் பங்கு கொடுக்காது என்பது சந்தைக்குத் தெரியும் முன்பே வேகன் சக்கரத்துக்கு எண்ணெய் போடுகிறவனுக்கும் தெரிந்துவிட்டது. கொடுக்காவிட்டால் டிரஸ்ட் அதை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடும். பிறகு லைன் எழுந்து நின்றாலும் நம் ஊருக்கு அதில் ஒரு துரும்பும் மிஞ்சாது. வாழ்நாள் சேமிப்பு என்று ஹில்டா விற்ற டிரஸ்ட் காகிதத்தை மட்டும் வைத்திருந்த குடும்பங்கள் பல.

ஹில்டா தூக்கம் கெட்டு யோசித்தாள். அதே பத்திரத்தில் வழியும் இருந்தது. ஐந்நூறு டிரஸ்ட் பங்குகளை ஒரே ஆள் கொண்டுபோய்க் கொடுத்தால், ஜாடியைத் திறந்து உள்ளே இருக்கும் கம்பெனிப் பங்குகளையே எடுத்துக் கொடுத்துவிட வேண்டும். அப்புறம் அவற்றை விற்பதும் வைத்திருப்பதும் நம் இஷ்டம். ஊரில் ஒருவரிடமும் ஐந்நூறு இல்லை, எல்லாருடையதும் சேர்ந்தால் உண்டு. ஆனால் அதற்கு எல்லாரும் தங்கள் பங்குக் காகிதத்தின் பின்பக்கம் கையெழுத்துப் போட்டு ஒரே பேருக்கு மாற்றித் தரவேண்டும்.

வீடு வீடாக ஏறி இறங்கினாள். சிலர் உடனே கொடுத்தார்கள், சிலர் முகத்தைத் திருப்பினார்கள், ரூத் அழுதுகொண்டே கொடுத்தாள். நாற்பது பங்கு குறைந்தது. அது இருந்த ஒரே இடம் ஆஸ்கர் டீட்ரிக்கின் வீடு.

ஆஸ்கர் ஓய்வு பெற்ற ரயில்வே கார்டு. அவருடைய முதல் சேமிப்பை ஒரு மேனேஜர், தன் மச்சானின் உதவாக்கரைக் கம்பெனியில் போட்டு அழித்திருந்தான். அன்றிலிருந்து மனுஷன் பால்காரன் மூடிவைத்த பாட்டிலைக்கூட மோந்து பார்த்துத்தான் எடுப்பார். ஹில்டா போனபோது புளித்த முட்டைக்கோஸும் பன்றிக்கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"யார் கையும் படாதுன்னு சொல்லித்தானே எனக்கு வித்தே?"

"ஆமா."

"இப்ப உன் கையில குடுங்கறே."

"ஆமா."

"நல்லா இருக்கே உன் நியாயம். நாளைக்கு நீ செத்துட்டா? இல்ல, ராத்திரியோட ராத்திரியா கெளம்பிட்டா?"

வேறு யாராக இருந்தாலும் கோபப்பட்டிருப்பார்கள். ஹில்டாவுக்கு அவர் கேட்டது சரியென்று பட்டது. அவள் அப்படிப்பட்டவள். தன் மேல் விழுந்த சந்தேகத்தையும் நியாயமாக எடை போட்டுப் பார்ப்பாள்.

"நீங்க கேக்கறது சரிதான்" என்றாள். "என் பேருக்கு வேணாம். உங்க பேருக்கு மாத்திடறோம். நீங்களே பிலடெல்பியா போய்ட்டு வாங்க."

ஆஸ்கரின் முள்கரண்டி நின்றது. "எல்லாருதும் சேத்தா?"

"எல்லாருதும் சேத்து."

"அவனவன் சம்மதிக்கணுமே."

"அத நான் பாத்துக்கறேன்."

தனக்கென்று தந்ததை ஆஸ்கர் பேருக்கு எழுதித் தரச் சொல்லி மறுபடி வீடு வீடாக நடந்தாள். ஊர் அவளைப் பைத்தியக்காரி என்றது. ரூத் வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"ஆஸ்கரா? அவரு தன் நிழலயே நம்பமாட்டாரே, ஹில்டா. அவர நம்பி நாங்க குடுக்கறதா?"

"ஏமாந்தவரு ரூத். ஏமாந்தா எப்படி இருக்கும்னு இந்த ஊர்ல அவருக்குத்தான் நல்லாத் தெரியும். நான் என்னோடத மொத்தமும் அவரு பேருக்கு மாத்திட்டேன். இந்தா பாரு."

ரூத் அந்தக் காகிதத்தைப் பார்த்தாள், அவளையும் பார்த்தாள். பிறகு பேனாவைத் தேட உள்ளே போனாள். மற்ற வீடுகளிலும் ஏறக்குறைய இதுதான் நடந்தது. அந்த ஊரில் அப்போது பேங்கை நம்பியவர் கிடையாது, அரசாங்கத்தை நம்பியவரும் குறைவு. ஹில்டா கேட்டால் மட்டும் கொடுத்தார்கள். இதைவிட ஒரு பெண்ணுக்கு என்ன மரியாதை வேண்டும்?

காலை வண்டிக்கு ஆஸ்கர் தன் பழைய கார்டு கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். உள்பையில் ஊரின் சேமிப்பு. முகம் வெளிறியிருந்தது.

"நீயும் வா ஹில்டா. இவ்ளோத்தையும் என்னை மட்டும் நம்பி அனுப்பாதே."

"கடை தொறக்கணும்" என்றாள் அவள். நடந்துவிட்டாள். கடைக்கு வரும் ஆள் ஒருவருமில்லை என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

மறுநாள் மதியம் தந்தி அலுவலகத்திலிருந்து செய்தி பரவியது. வேலி லைன் லாபப் பங்கை நிறுத்திவிட்டது. டிரஸ்ட் தன்னிடமிருந்த லைன் பங்குகளையெல்லாம் விற்கத் தொடங்கிவிட்டதாம். ஆஸ்கர் முந்திக்கொண்டாரா இல்லையா என்பது யாருக்கும் தெரியவில்லை. கடை வாசலில் கூட்டம் கூடியது. ரூத் மட்டும் ஹில்டாவையே முறைத்துக்கொண்டு நின்றாள். ஹில்டா ஒரு பழைய தொப்பிக்கு நாடா தைத்துக்கொண்டிருந்தாள். ஊசி மூன்று முறை விரலில் குத்தியது.

மாலை வண்டியில் ஆஸ்கர் இறங்கினார். நேரே கடைக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், இருபத்தெட்டு கம்பெனிகளின் பங்குப் பத்திரங்களையும் கல்லாவின் மேல் வைத்தார். எல்லாவற்றுக்கும் மேலே வேலி லைனுடையது இருந்தது.

"நேத்து சாயங்காலமே வாங்கிட்டேன். ராத்திரி லாட்ஜ்ல கண்ண மூடல" என்றார். "சரி பாத்துக்கோ."

ஹில்டா அவற்றை அப்படியே சேர்த்து எடுத்து, பார்க்காமலே ஒரு தொப்பிப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

"எண்ணிப் பாரு ஹில்டா. நீ எண்ணணும்."

"நீங்கதான் எண்ணியிருப்பீங்களே."

ஆஸ்கர் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கைக்குட்டையைத் தேடினார். யாரும் சிரிக்கவில்லை. ரூத் ஒரு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டாள். அவர் உட்கார்ந்தார்.