வேலையில்லாத இடது கால்

"சட்னியில காரம் ஜாஸ்தி" என்று சொல்லிக்கொண்டே தேவநாதன் மாமா சட்னிக் கிண்ணத்தை முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு இழுக்கிறார். அவர் கையில் அகப்பட்ட எதுவும், தண்ணீர் டம்ளரோ டிவி ரிமோட்டோ, கொஞ்ச நேரத்தில் கியர்க் கம்பி ஆகிவிடும்.

மாமா என் அக்கா எழிலரசியின் கணவர். கடலூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினீயர். சம்பளம் வாங்குவது பம்புக்கும் வால்வுக்கும். வாய் வலிக்கப் பேசுவதோ வண்டிகளைப் பற்றி. மனிதனின் கைகால்களில் எத்தனைக்கு வேலை கொடுக்கிறதோ, அதை வைத்துத்தான் அவரிடம் ஒரு வண்டிக்கு மரியாதை.

"கியரு வண்டின்னா இன்ஜின் பேசும், காலு பதில் சொல்லும். ஆட்டோமேட்டிக்குல இடது காலு சும்மா கெடக்கும். சும்மா கெடக்கறதுக்கு எதுக்கு மச்சான் காரு? கட்டில்ல படுத்துக்கலாமே!"

ஹெலிகாப்டர்தான் அவருக்குச் சாமி. "ரெண்டு கையி, ரெண்டு காலு, நாலுக்கும் தனித்தனி வேலை. மூக்கு அரிச்சா சொறிய முடியாது. அதான்யா வண்டி!" 2011 தேர்தல் சமயத்தில் சிதம்பரத்தில் ஒரு தலைவர் ஹெலிகாப்டரில் வந்து இறங்கினார். கூட்டம் தலைவர் பின்னால் ஓடியது. மாமா வால் பக்கம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். விரட்ட வந்த போலீஸ்காரருக்கு வால் விசிறி எதற்கு என்று விளக்கவே ஆரம்பித்துவிட்டார். பாவம் அந்த மனுஷன், கேட்டுத் தொலைத்தார்.

இப்பேர்ப்பட்டவரின் மனைவிக்குத்தான், என் அக்காவுக்கு, இடது முட்டியில் ஆபரேஷன் ஆனது. அவள் சிதம்பரத்தில் டீச்சர், கடலூரிலிருந்து தினமும் போய்வர வேண்டும். பஸ் படி ஏற முடியாது. கிளட்ச் மிதிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆட்டோமேட்டிக் கார் வாங்கவேண்டும், இல்லாவிட்டால் வேலையை விடவேண்டும். அக்கா வாதாடவில்லை, காரை புக் செய்துவிட்டாள். "ஒரு மாசம் பாப்போம். சரிப்படலன்னா வித்துடணும்" என்று மாமா முறைத்துக்கொண்டே சம்மதித்தார்.

கார் வந்ததும் திருவந்திபுரம் கோயிலில் அதற்குப் பூசை. பட்டர் மாலை போட்டு, கற்பூரம் காட்டி, சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார். வீட்டுக்குப் பெரியவர் என்று மாமாதான் ஏறி உட்கார்ந்தார். வண்டி நகர்ந்ததும் அவருடைய இடது கால், பழக்க தோஷம், கிளட்சைத் தேடி ஓங்கி மிதித்தது. அங்கே இருந்தது பிரேக். வண்டி குலுங்கி நின்றது. மறுபடி நகர்ந்தது, மறுபடி மிதித்தார். மூக்குக் கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்தது. பழம் பழமாகவே இருந்தது.

"நசுங்கலையே சார்" என்றார் பட்டர்.

கூட வந்திருந்த எங்கள் பெரியம்மா தில்லையம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அய்யய்யோ, சாமிக்கே புடிக்கல! இந்த வண்டி வாணாம், திருப்பிக் குடுத்துடுங்க."

அக்கா முட்டியைப் பிடித்தபடி மாமாவையே பார்த்தாள். மாமாவுக்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்குமா?

மாமா இறங்கினார். கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டார். "வண்டி மேல தப்பு இல்ல பெரியம்மா. எல்லாம் என் காலு பண்ண வேலை" என்று சொல்லிவிட்டு, அக்காவுக்குக் கதவைத் திறந்து பிடித்தார்.

பழங்கள் நசுங்கின.

திரும்பும்போதும் அக்காதான் ஓட்டினாள். கெடிலம் பாலத்தில் எதிரே பஸ் வந்தது. பக்கத்து சீட்டில் மாமாவின் இடது கால் வெறும் தரையை ஒரு மிதி மிதித்தது. அவர் குனிந்து அதைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தக் காலை மட்டும் தூக்கி சீட்டில் மடித்து வைத்து, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.