அணைக்கட்டுப் பக்கம் ஒதுங்கிய படகு

போரின் கடைசி வருடங்களில் மாத்தளைக்கு வடக்கே, நாவுலவுக்கு அப்பால், ஒரு நீர்த்தேக்கத்தின் கரையில் இருந்த சிறிய விடுதியில் வேலை செய்தேன். வரவேற்பு மேசைதான் என் இடம். ஆனால் முதலாளி விருந்தாளிகளுக்காக ஒரு சின்னப் பாய்ப்படகு வாங்கியபோது அதை ஓட்டப் பழகியது நான் மட்டும்தான். மற்றவர்களுக்குப் படகு சாய்ந்தாலே பயம். எனக்கு அது சாயும்போதுதான் பிடிக்கும்.

அந்தத் தண்ணீருக்குள் மூழ்கிப்போன மரங்கள் நிறைய. ஒரு தடவை விருந்தாளி ஒருவரோடு போனபோது மரத்தில் மோதிக் கவிழப் பார்த்தோம். அதற்குப் பிறகு முதலாளி ஒரு ஜிபிஎஸ் கருவியும் ஆழம் காட்டும் கருவியும் எடுப்பித்தார். மரங்கள் நிற்கும் இடங்களைப் பதிந்து வைத்தால் விலகிப் போகலாம். என் கணவர் மாத்தளை டவுனில் ரேடியோ, டிவி திருத்துபவர். கருவிகளை அவர் பார்ப்பார், படகை நான் பார்ப்பேன் என்று பேச்சு. அணைக்கட்டில் காவல் இருந்த ஆர்மிக்குச் சொல்லிவிட்டதாக முதலாளி சொன்னார்.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பினோம். அவர் முன்னால் உட்கார்ந்து, ஆழம் திடீரென்று குறையும் இடங்களையெல்லாம் ஜிபிஎஸ்ஸில் பதிந்துகொண்டே வந்தார். பாதி வேலை முடிவதற்குள் காற்று திரும்பியது. மழை பிடித்தது. கரை மறைந்துபோனது.

"எந்தப் பக்கம் போறோங்க?"

திரையைத் துடைத்துப் பார்த்தார். "அணைக்கட்டுப் பக்கம். திருப்பு."

திருப்பினேன். அதற்குள் படகின் அடியில் இறங்கியிருந்த பலகை ஏதோ மரத்தில் மாட்டிக்கொண்டது. பலகையை மேலே இழுத்ததும் படகு விடுபட்டது. ஆனால் பலகை இல்லாத படகு காற்றோடு பக்கவாட்டில் வழுக்கும். மறுபடி அதை இறக்குவதற்குள், அணைக்கட்டை யாரும் நெருங்காதபடி ஆர்மி கட்டியிருந்த தடை மிதவைகளைத் தாண்டிவிட்டோம். மழை கொஞ்சம் விட்டபோது அணைக்கட்டு நேர் எதிரே நின்றது. மேலே சிப்பாய்கள் சிங்களத்தில் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். துப்பாக்கிகள் எங்களை நோக்கி இருந்தன.

கணவரின் கை படகின் விளிம்புக்கு வெளியே போனது. கையில் கறுப்பாக அந்த ஜிபிஎஸ் கருவி.

"இதக் கண்டா சந்தேகப்படுவாங்க. தண்ணியில போட்டுர்றேன்."

"வேணாங்க. எறியிறதப் பார்த்தா குண்டுன்னு நெனைப்பாங்க. உக்கார்ற தட்டு மேல வச்சிட்டுக் கையத் தூக்குங்க."

வைத்தார். கையைத் தூக்கினார். எனக்குத்தான் முடியவில்லை. ஒரு கையில் சுக்கான், மறு கையில் பாய்க்கயிறு. கயிற்றை விட்டால் பாய் படபடவென்று அடிக்கும். அந்தச் சத்தத்துக்கே சுட்டுவிடுவார்களோ என்று தோன்றியது. வேறு வழியில்லை, விட்டேன். பாய் அடித்த அடியில் ஒரு சிப்பாய் முழங்காலிட்டுக் குறி வைத்தான். நான் இரண்டு கைகளையும் தூக்கி, விடுதியின் பெயரைச் சிங்களத்தில் கத்திக்கொண்டே இருந்தேன். படகு தானாக ஒதுங்கிக் கல்லில் முட்டி நின்றது.

காவல் அறையில் ஒரு அதிகாரி ஜிபிஎஸ்ஸை எடுத்துப் பார்த்தார். அவருக்கு அதை இயக்கத் தெரிந்திருந்தது. பார்த்துக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

"இது மாத்தளை பஸ் ஸ்டாண்ட் அல்லவா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கணவர் தலை குனிந்தபடி சொன்னார். பழகிப் பார்ப்பதற்காக எங்கள் வீடு, அவருடைய கடை, அலுவிகாரை ரோட்டு வளைவு, பஸ் ஸ்டாண்ட் என்று போன இடத்தையெல்லாம் பதிந்து வைத்திருக்கிறார். பஸ்களில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம் அது. அவரை வேறு அறைக்குக் கொண்டுபோனார்கள்.

"சேர், தண்ணிக்குள்ள பதிஞ்ச இடங்களையும் பாருங்க," என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். "ஒவ்வொண்ணும் ஒரு மரம். ஆள் அனுப்பிக் குத்திப் பாக்கச் சொல்லுங்க."

அவர் இரண்டு சிப்பாய்களிடம் கருவியையும் நீளமான ஒரு மூங்கிலையும் கொடுத்துக் காவல் படகில் அனுப்பினார். ஜன்னலில் நின்று பார்த்தேன். முதல் இடத்தில் மூங்கில் முழுசாக உள்ளே போனது. மரம் இல்லை. படகு கொஞ்சம் நகர்ந்தது. மறுபடி குத்தினார்கள். பாதியிலேயே நின்றது. அடுத்த இடத்திலும் நின்றது.

பொழுது சாயும் நேரத்தில் முதலாளி வந்து எங்களுக்காகப் பேசினார். கணவரை வெளியே விட்டார்கள். மழையில் நனைந்து காய்ந்த சட்டை வேர்வையில் மறுபடி நனைந்திருந்தது. அடித்தார்களா என்று கேட்டதற்கு இல்லை என்று தலையாட்டினார். கருவியைத் திருப்பித் தரவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

மாத்தளைக்கு வரும் வழியில் செக்பொயின்ட்டில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். வரிசை நகர நகர, அவருடைய விரல்கள் சட்டைப் பைக்குள்ளேயே துழாவின. அடையாள அட்டை வெளியே வரவில்லை. நான் கையை விட்டு எடுத்து, என்னுடையதோடு சேர்த்து நீட்டினேன்.