பச்சையிலேயே நின்ற திரை

சிதம்பரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் எனக்கு ஒரு சின்ன அலுவலகம். நெட்வொர்க் போட்டுத் தருவது தொழில். கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் புது சுவிட்ச் பெட்டி வந்தால் அதன் நாற்பத்தெட்டு போர்ட்டையும் ஒரே சமயத்தில் திணறடித்துப் பார்க்காமல் யாருக்கும் கொடுக்கமாட்டேன். அதற்கு என் லினக்ஸ் மடிக்கணினியில் ஒரு கருவி உண்டு. பாக்கெட் என்கிற தரவுத் துணுக்குகளை, உள்ளே ஒன்றுமில்லாமல், நொடிக்கு லட்சக்கணக்கில் தள்ளும். ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனி முகவரி அடிக்கச் சோம்பல்பட்டு, இணைந்திருக்கும் எல்லா இயந்திரத்துக்கும் போகிற பொது முகவரியையே எழுதி வைத்திருந்தேன். என் மேசையில் அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை.

குடிகாட்டுப் பக்கம் ஒரு ரசாயன ஆலையில் சுவிட்ச் மாட்டும் வேலை வந்தது. பிடித்துக் கொடுத்தவன் என் மனைவியின் தம்பி. அங்கே பராமரிப்புப் பிரிவில் இருக்கிறான்.

"டெஸ்ட்டு கிஸ்ட்டுன்னு சாயங்காலம் வரைக்கும் இழுக்காதீங்க மாமா," என்று கிண்டலடித்துவிட்டு வேலைக்குப் போனான். எனக்குச் சுருக்கென்றது. வீம்புக்கென்றே, ஆலையோடு இன்னும் இணைக்காத புது சுவிட்ச்சில் கருவியை முழுவேகத்தில் ஓடவிட்டு, டீ குடிக்கப் போனேன்.

அரை மணி நேரம் கழித்து ஆலை எலெக்ட்ரீஷியன் சிரித்துக்கொண்டே வந்தார். "சார், ஒங்களுக்கு வேல மிச்சமாவட்டும்னு ஆலையோட பழைய சுவிட்ச்சுலேர்ந்து ஒரு ஒயர இதுல சொருவிட்டேன்."

ஓடிப்போய்க் கருவியை நிறுத்தினேன். அந்த ஒயர் வழியாக என் பாக்கெட்டுகள் அத்தனையும் ஆலை முழுக்கப் பாய்ந்திருந்தன. கட்டுப்பாட்டு அறைக்குள் நுழைந்தேன். ஆலையின் குழிகளில் வாயுக் கசிவைக் காட்டும் திரையில் எல்லாம் பச்சை. அப்பாடா என்று மூச்சுவிட்ட பிறகுதான் திரையின் மூலையில் இருந்த மணியைப் பார்த்தேன். பதினொன்று பன்னிரண்டு. என் கைபேசியில் பதினொன்று நாற்பது. என் பாக்கெட்டுகளின் நெரிசலில் திரை அந்த நேரத்தோடு உறைந்துபோயிருந்தது.

"யாராச்சும் குழிக்குள்ள எறங்கியிருக்காங்களா?"

"பம்ப் குழியில ஒங்க மச்சான்தான். பச்சையப் பாத்துட்டுத்தான் எறங்கியிருப்பாரு," என்றார் அங்கிருந்தவர். இறங்குமுன் திரையைப் பார்ப்பது அங்கே சட்டம்.

நான் போய்ச் சேர்ந்தபோது இரண்டு பேர் அவனைக் கயிறு போட்டு வெளியே இழுத்துக்கொண்டிருந்தார்கள். கண்கள் சிவந்து, வாந்தி எடுத்து, என்னை அடையாளம் தெரியாமல் பார்த்தான். கட்டுப்பாட்டு அறைக்குத் திரும்பி, யாரிடமும் சொல்லாமல் திரையை நான் மறுபடி இயக்கியதும் பம்ப் குழியின் எண் சிவப்பில் வந்தது.

கடலூர் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தான். பிழைத்துவிட்டான். மூன்றாம் நாள் ஒரு தாளை என்னிடம் நீட்டினான். திரை இப்போது ஒழுங்காகத்தான் ஓடுகிறது, அதனால் தவறு அவனுடையது என்று ஆலையில் முடிவு கட்டியிருந்தார்கள்.

"பாக்காம எறங்கிட்டேன்னு எழுதிக் குடுக்கச் சொல்றாங்க. குடுத்தா வேலயில வச்சிக்கிறாங்களாம். ஆனா நான் பாத்தேன் மாமா. பச்சையாத்தான் இருந்துச்சு. எனக்குத்தான் புத்தி பெசகிப்போச்சா?"

என் டெஸ்ட்டால்தான் திரை பச்சையிலேயே நின்றது என்று சொல்லியிருக்கலாம். பக்கத்தில் என் மனைவி நின்றிருந்தாள்.

"வேலதான் முக்கியம், போட்டுக் குடுத்துடு," என்றேன். கையெழுத்துப் போடப் பேனாவையும் நானே கொடுத்தேன்.