அப்பா போட்ட முடிச்சு

2006-இல் சிறுவாச்சூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தேன். சென்னை ஆய்வகம் ஒன்று எங்கள் வகுப்பிலிருந்து ஒரே ஒருவரை எடுப்பதாகச் சொல்லியிருந்தது. அந்த இடம் எனக்கு வேண்டும். கிடைக்காவிட்டால் படிப்பு முடிந்ததும் கல்யாணம் என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

என் தோழி வரதராசன்பேட்டைக்காரி. அவள் அப்பா அம்மா இருவரும் வாத்தியார்கள். என் அப்பா கட்டடங்களுக்குக் கம்பி கட்டுகிறவர். எய்ட்ஸ் வைரஸின் நொதி ஒன்றில், ஆர்என்ஏவை வெட்டும் பகுதிக்கு, நேர்காணலில் காட்டுவதற்காக நாங்கள் சேர்ந்து ஒரு மாதிரி வடிவம் செய்தோம். சேர்ந்து என்பது பேச்சுக்குத்தான். கட்டுக்கம்பியை வளைத்ததும் நான், அவளுக்குப் பாடத்தைப் புரியவைத்ததும் நான். நடுவில் ஐந்து புரத இழைகள் அடுத்தடுத்துப் படுத்திருக்கும், சுற்றிலும் புரதச் சுருள்கள். ஒரு பள்ளத்தில் நான்கு அமில இடங்கள் இரண்டு மக்னீசிய அயனிகளைப் பிடித்திருக்கும். வெட்டு விழுவது அங்கேதான். அயனிக்குப் பச்சை மணி கோத்திருந்தேன்.

நேர்காணலுக்கு முந்தின சாயங்காலம், மாதிரி ஆடுகிறதே என்று அப்பா பார்த்திருக்கிறார். குறுக்கே போகிற கம்பியைக் கட்டாமல் விட அவருக்கு மனசு வராது. தொடாமல் தள்ளிப் போகவேண்டிய ஒரு சுருளையும் இழையையும் சேர்த்து இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டார். காலையில் கல்லூரிக்குப் போய்ப் பையைத் திறந்த பிறகுதான் பார்த்தேன். பதறிப்போனேன்.

"வுடுடி. அவுத்தா மொத்தமும் சாஞ்சிடும். யாரு பாக்கப் போறா?" என்றாள் அவள்.

பார்த்தார்கள். எங்கள் இருவரையும் நிற்கவைத்து, "இது ரெண்டும் ஏன் ஒட்டியிருக்கு?" என்று கேட்டார் ஆய்வகத்திலிருந்து வந்தவர்களில் ஒருவர்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள். "அது நான் பண்ணல சார். ஆராய்ச்சிதான் என்னுது. இவ கம்பி மட்டும் வளைச்சா. இவங்கப்பா கம்பி கட்டுறவரு."

எல்லோரும் சிரித்தார்கள். அடிப்பாவி, என் சோற்றைப் பங்குபோட்டுத் தின்றவளாயிற்றே! என் அப்பாவைச் சொல்லியா தப்பிக்க வேண்டும்?

இடம் அவளுக்குப் போனது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் ஓடிவந்து கையைப் பிடித்தாள். "கோச்சுக்காதடி. ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போ. அங்க கேட்டா முழிக்கக் கூடாதுல்ல. அது ஏன் ஆர்என்ஏவை வெட்டுது?"

வெட்கங்கெட்டவள் நான், சொன்னேன். வைரஸ் தன் ஆர்என்ஏவைப் பார்த்து டிஎன்ஏ எழுதும். பழைய ஆர்என்ஏ அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தால் அடுத்த இழையை எழுத இடமிருக்காது. அதனால் வெட்டி எடுத்துவிடும்.

"எதப் பாத்து எழுதுச்சோ அதையேவா?"

"அதையேதான்."

என் பேனாவை வாங்கி உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.