கனக்காத கைவலை

சம்ரித்தின் வண்டியில் முன் இருக்கை அவன் மனைவி புவாலாவுடையது. பின்னால் இரண்டு பெஞ்சு போட்ட பழைய பிக்கப் அது. காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுவான், வெயில் ஏறிய பிறகு சந்தைக்குப் போகிற பெண்களை. எவ்வளவு நெரிசலானாலும் அந்த இருக்கையில் வேறு யாரும் உட்கார முடியாது. பின்னால் மீன்கூடையோடு நசுங்குகிறவர்கள் கண்ணாடியைத் தட்டிக் கேலி செய்வார்கள்.

"என்னடி புவாலா, புருஷனைத் தனியா விட்டா எவளாவது கொத்திட்டுப் போயிடுவாளா?"

"இந்த மூஞ்சியை எவடி கொத்துவா? இவளே பாவப்பட்டு வச்சிருக்கா."

புவாலா தலையைக் குனிந்து சிரித்துக்கொள்வாள். பொறாமைக்காரி என்றே நினைத்துக்கொள்ளட்டும். அவள் பார்வை முழுக்கப் புருஷனின் இடது கையில் இருக்கும். அந்தக் கை கியரை விட்டு மெல்ல எழும்பிச் சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருக ஆரம்பித்தால், அவன் அங்கே இல்லை என்று அர்த்தம்.

அதை அவள் முதலில் பார்த்தது போன மழைக்காலத்தில். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பெரிய சிமெண்டுத் தொட்டியில் குழாயைப் பிடித்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். அடுப்படியிலிருந்து அவள் எட்டிப் பார்த்தபோது தொட்டி நிறைந்து வழிந்து அவன் கால்களை நனைத்துக்கொண்டிருந்தது. அவன் எதையோ மென்றுகொண்டிருந்தான். வாயில் ஒன்றும் இல்லை. கூப்பிட்டாள். திரும்பினான். சுவரைப் பார்ப்பது போல அவளைப் பார்த்தான். ஆள் வெளியே போயிருக்க, கதவு மட்டும் திறந்து கிடக்கிற வீடு போல இருந்தது அந்த முகம்.

கொஞ்ச நேரத்தில், "என்ன முறைச்சுப் பாக்குற? சோறு ஆச்சா?" என்று கேட்டான். கால் நனைந்ததுகூட அவனுக்குத் தெரியவில்லை.

டாக்டரிடம் போகலாம் என்று அழுதாள்.

"வலிப்புன்னு ஒரு வார்த்தை அந்தாளு எழுதிட்டா லைசென்ஸ் போச்சு. அப்புறம் நான் மாடு மேய்க்கவா?" என்றான்.

லைசென்ஸ் புதுப்பிக்கிற நாளில் டவுன் கிளினிக்கில் டாக்டர் தலை நிமிரவே இல்லை. "மயக்கம், வலிப்பு ஏதாவது உண்டா?" "இல்லீங்க." முத்திரை விழுந்தது. சுவரோரப் பெஞ்சில் புவாலா உட்கார்ந்திருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை.

அன்றிலிருந்துதான் முன் இருக்கை. கை பொத்தானுக்குப் போனதும் தொடையில் நறுக்கென்று கிள்ளுவாள். அவன் திரும்பி வந்துவிடுவான். தான் கிள்ளுவதால்தான் வருகிறான் என்று அவள் நம்பினாள்.

ஒருநாள் வரிக்குதிரை வளைவில் கிள்ளியும் அவன் வரவில்லை. அந்த வளைவில் செத்தவர்களுக்காக ஊரார் வைத்த பொம்மை வரிக்குதிரைகள் சாலையோரம் மந்தையாக நிற்கும். நல்ல வெயில். வண்டி காலி. எதிரே அதே ஊர் ரம்பாய் மோட்டார் சைக்கிளில் வந்தாள், பின்னால் சோற்றுக்கூடை கட்டியிருந்தது. புவாலா கத்தினாள். ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தாள். கல்லில் புதைத்தது போல அது அசையவில்லை. வண்டி வேகமாகக்கூடப் போகவில்லை. கல்யாண ஊர்வலம் மாதிரி நிதானமாக, வளைய வேண்டிய இடத்தில் வளையாமல், எதிர்ப்பக்கம் போயிற்று. தெரிந்த வண்டிதானே என்று ரம்பாய் ஓரமாக ஒதுங்கி, இவர்களைப் பார்த்துச் சிரித்தாள். சம்ரித் மென்றுகொண்டே இருந்தான்.

அறுத்த வயலில் போய் வண்டி நின்றது. கொஞ்ச நேரம் கழித்து அவன் கேட்டான்: "வண்டி ஏன் வயல்ல நிக்குது?"

ரம்பாய் அந்த இடத்திலேயே செத்துப்போனாள். ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் ஊர்த்தலைவரை வைத்துக்கொண்டே சொன்னார். "முதல் தடவையா மயக்கம் வந்திருந்தா அது ஒரு வழக்கு. நோய் இருக்குன்னு தெரிஞ்சே ஓட்டியிருந்தா அது வேற வழக்கு, ஜெயில்தான். ஏம்மா, நீதானே பக்கத்துல இருந்தே?"

"தூங்கிட்டேன் ஐயா."

"இவன் கல்லு மாதிரி ஆளு," என்றார் ஊர்த்தலைவர். "ஒரு தும்மல்கூட வந்ததில்ல. அந்த வளைவுல செத்தவன் எவனோ தனக்குப் பதிலா ஆள் கேட்டிருக்கான், அவ்வளவுதான்."

ஊர் முழுக்க அதையேதான் பேசியது, ரம்பாய்தான் குறுக்கே வந்தாள் என்றும் சேர்த்துக்கொண்டது. குவான் என்கிற உள்ளுயிர் உடம்பை விட்டுப் போனால் அதைக் கூப்பிட்டு வரவழைக்கிற கேசோன் அக்கா வந்து சம்ரித்தின் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தாள். "அதிர்ச்சியில இவன் குவான் துள்ளி வெளிய விழுந்துருச்சு. வளைவுலதான் கிடக்கும். பொண்டாட்டி கைவலையால அள்ளிட்டு வரட்டும். மணிக்கட்டுல நூல் கட்டிட்டா பழைய ஆளாயிடுவான்."

நூல் கட்டிய பிறகு திங்கள்கிழமையிலிருந்து பிள்ளைகளை மறுபடி அனுப்பலாம் என்று தாய்மார்கள் பேசிக்கொண்டார்கள். சம்ரித் சாவியைத் துடைத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டான்.

வளைவுக்கு ஊரே வந்தது. நோயாளி வீட்டில் பாயில் காத்திருக்க வேண்டும் என்பதால் சம்ரித் மட்டும் வரவில்லை. ரம்பாயின் புருஷன் கம்சிங் தனியாக, வரிக்குதிரைகளுக்கு நடுவே நின்றான். மீன் அள்ளுகிற கைவலைக்குள் சம்ரித்தின் சட்டை, ஒரு முட்டை, கொஞ்சம் சோறு, பூ. காற்றே இல்லை. அறுத்த நெல்தாள்கள்கூட அசையவில்லை.

"வா குவானே, வெயில்ல நிக்காதே, வளைவுல நிக்காதே, வீட்டுக்கு வா." கேசோன் கூப்பிடக் கூப்பிட, புவாலா மண்ணையொட்டி வெறுங்காற்றை அள்ளினாள்.

"கனக்குதா?"

குவான் ஏறினால் வலை கனக்கும், அள்ளுகிறவளின் கைக்குத்தான் தெரியும்.

"கனக்கலக்கா."

மறுபடி அள்ளினாள். மறுபடி. வலைக்குள் சட்டையின் கை மட்டும் மடங்கி விரிந்தது. கேசோன் அவள் காதருகே குனிந்தாள். "கனக்குதுன்னு சொல்லித் தொலையேன்டி. எல்லாம் முடிஞ்சுபோகும்."

ஒரு சொல்தான். ஆனால் திங்கள்கிழமை அந்தப் பெஞ்சுகளில் வரிசையாக உட்காரப்போகிற பிள்ளைகளின் கால்கள், தரையை எட்டாமல் ஆடுகிற அந்தக் கால்கள், அவள் கண்முன் வந்தன.

"இங்க விழல," என்றாள்.

"பின்ன எங்க?"

 அவள் வலையைத் தூக்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். பின்னால் ஊர் வந்தது. செருப்புச் சத்தம் மட்டும். பாயில் உட்கார்ந்திருந்த சம்ரித்தைத் தாண்டி நேராகப் பின்பக்கம் போய், தொட்டியடியில் குனிந்து, ஈரமண்ணை ஒட்டி அள்ளினாள்.

"இங்கதான் மொதல்ல போச்சு. போன மழைக்காலத்துல. அப்புறம் சந்தை வாசல்ல. அப்புறம் கோயில் மதில்கிட்ட. எனக்குத் தெரியும். டாக்டர்கிட்ட இல்லைன்னு சொன்னப்ப நானும் அங்கதான் இருந்தேன். வளைவுல நான் தூங்கல."

வாழ்நாளில் அத்தனை பேர் முன்னால் அவள் அவ்வளவு பேசியதே இல்லை. வலை கையை இழுத்தது. ஈரமண் ஏறியிருக்கும் என்று பிறகு தனக்கே சொல்லிக்கொண்டாள்.

"வாயை மூடு!" என்றார் ஊர்த்தலைவர். "புருஷனை நீயே ஜெயிலுக்கு அனுப்புறியா? நான் ஸ்டேஷன்ல என்ன சொல்லிட்டு வந்திருக்கேன்?"

சம்ரித் எழுந்து வந்து நின்றிருந்தான். அவன் கோபப்படுவான் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவன் கூட்டத்தைப் பார்க்கவே இல்லை.

"அவ்வளவு தடவையா?" என்றான். "ஒண்ணு ரெண்டு இருக்கும்னு நெனச்சேன்."

"நான் பாத்தது அவ்வளவு. பாக்காதது எத்தனையோ."

அவன் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "வளைவுல நான் இல்லாதப்ப ரம்பாய் என்ன பண்ணினா?"

புவாலாவின் கண் கம்சிங்கிடம் போய்த் திரும்பியது. "நம்ம வண்டின்னு ஒதுங்கினா. சிரிச்சா."

கம்சிங் கூட்டத்தை விலக்கி முன்னால் வந்தான். அடிக்கப் போகிறான் என்று யாரோ அவன் தோளைப் பிடித்தார்கள். அவன் கையை உதறினான். "அதை ஸ்டேஷன்ல வந்து சொல்லு," என்றான். "சிரிச்சான்னும் சொல்லு. இங்க எல்லாரும் அவ சாவுக்கு அவளையே காரணம் சொல்றாங்க. குறுக்க வந்தாளாம்."

சம்ரித் கழுத்திலிருந்து சாவியைக் கழற்றி அவனிடம் நீட்டினான். கம்சிங் வாங்கவில்லை. சாவியைப் புவாலாதான் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் கம்சிங்கின் உழவு வண்டியில் மூவரும் டவுனுக்குப் போனார்கள்.  இன்ஸ்பெக்டர் சாவியை மேசையில் ஓரமாகத் தள்ளிவிட்டு புவாலாவைக் கேட்டார்.

"விபத்துக்கு முன்னாடியே உனக்குத் தெரியுமா?"

"தெரியும் ஐயா."

"அன்னிக்குப் பொய் சொன்னதுக்கு உன் மேலயும் வழக்கு வரும். அது தெரியுமா?"

"அது தெரியாது ஐயா," என்றாள் புவாலா. நாற்காலியின் நுனியில் இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். "நீங்க எழுதுங்க."