தேய்த்தால் போகாத கருமை

அந்தச் சிறுமி பக்கத்தில் வந்தாலே எலுமிச்சம்பழ வாசனை வரும். ஐந்தாம் வகுப்பில் என் மாணவி. வெயில் கொளுத்தும் நாளிலும் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றமாட்டாள். அவள் பின்கழுத்து மடிப்பில் ஒரு கருமை படர்ந்திருந்தது. அதைச் சுற்றிலும் தேய்த்துத் தேய்த்துச் சிவந்துபோன தோல். காலையில் பாதி எலுமிச்சம்பழத்தையும் பீர்க்கங்கூட்டையும் வைத்து அம்மா தேய்த்துவிடுவதாக அவளே என்னிடம் சொன்னாள். அப்படியும் பிள்ளைகள் விடவில்லை. "இன்னாடி, இன்னிக்கும் குளிக்கலியா?" என்று பின்வரிசையிலிருந்து குரல் வரும். நான் அதட்டி அடக்குவேன். அது அழுக்கு அல்ல என்று சொல்ல எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

எங்கள் பள்ளி சேரப்பணஞ்சேரிப் பக்கம். பிள்ளைகளின் அப்பாக்கள் பெரும்பாலும் ஒரகடத்துக் கம்பெனிகளில் வேலை செய்பவர்கள். அந்த ஆண்டு பள்ளிக்கு வந்த மருத்துவக் குழு எல்லாப் பிள்ளைகளுக்கும் உயரமும் எடையும் பார்த்தது. குழுவோடு வந்த டாக்டரம்மா இவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பெற்றோரை அழைத்துவரச் சொன்னார். அவள் அம்மாவோடு அப்பாவும் நைட் ஷிஃப்ட் முடிந்து, கம்பெனிச் சட்டையோடு, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார்.

"இது அழுக்கு இல்லம்மா. எடை அதிகமானா சில பிள்ளைங்களுக்குக் கழுத்துல இப்படி வரும். பின்னாடி சர்க்கரை வியாதி வரலாம்னு உடம்பு முன்கூட்டியே சொல்லுது. இப்பவே கவனிச்சா தடுக்கலாம். தேய்க்கிறத மட்டும் இன்னியோட நிறுத்திடுங்க" என்றார் டாக்டரம்மா.

அம்மாவின் முகத்தில் முதலில் தெரிந்தது நிம்மதி. "புள்ளைய ஒழுங்கா குளிப்பாட்டத் தெரியலன்னு தெருவே என்னத்தான் பேசிச்சு மேடம்" என்றார். அடுத்த கணமே மகளின் கழுத்தைப் பார்த்தவர், "அப்ப இத்தினி நாளா எம்புள்ள தோலத்தான் உரிச்சினு இருந்தனா?" என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

என்ன சாப்பிடுகிறாள், எங்கே விளையாடுகிறாள் என்று டாக்டரம்மா விசாரித்தார். லாரி பயத்தில் அவளைத் தெருவில் விடுவதில்லை. பள்ளிவிட்டு வந்தால் டி.வி. முன்னால்தான். "அப்புறம் அப்பா கொண்டாருவாரு" என்றாள் சிறுமி, பெருமையாக. ஓ.டி. என்று கூடுதல் நேரம் வேலை பார்ப்பவர்களுக்குக் கம்பெனியில் ஒரு பாக்கெட் கொடுப்பார்கள். கிரீம் பன், பிஸ்கட், மாம்பழ ஜூஸ். அப்பா அதைப் பிரிக்காமல் அப்படியே வீட்டுக்குக் கொண்டுவருவார். அதைத் தின்றுவிட்டுத்தான் அவள் பள்ளிக்குக் கிளம்புவாள்.

அதை நிறுத்தச் சொன்னதும் அப்பா தரையைப் பார்த்தபடி சொன்னார்: "அவ ஸ்கூல் வுட்டு வர நேரத்துக்கு நான் பஸ் ஏறிடறேன் டாக்டர். காலைல என்னப் பாத்தா ஓடியாந்து பையில கைய வுடுவா. எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல கீறதே அது ஒண்ணுதான். அதையும் நிறுத்திட்டா நான் இன்னான்னு வூட்டுக்குப் போறது?"

டாக்டரம்மா அவரைக் கடிந்துகொள்ளவில்லை. "வெறுங்கையோட போங்க. பொண்ண நடத்திக் கூட்டிட்டு வந்து ஸ்கூல்ல வுடுங்க" என்றார்.

திங்கட்கிழமை பள்ளி வாசலில் இருவரையும் பார்த்தேன். மகள் முகம் தொங்கிப்போயிருந்தது. காலையில் பையைத் துழாவியவள், "இன்னாப்பா, வேலைக்கே போலியா நீ?" என்று கேட்டாளாம். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்க முயன்றார், வரவில்லை. பாக்கெட்டைக் கம்பெனி லைனில் கூட வேலை செய்யும் ஒருவரிடம் கொடுத்தபோது, "இன்னா மச்சி, பாப்பா டயட்டா? அப்ப டெய்லி எனக்கே குடு" என்று அந்த ஆள் கிண்டல் செய்ததையும் சொன்னார்.

அதன் பிறகு ஏரிக்கரை வழியாக இருவரும் நடந்து வருவது வழக்கமாயிற்று. கண்கள் சிவந்து, தூக்கம் தள்ளாட்டமாக இறங்கிய நடை அவருடையது. முதல் சில நாட்கள் அவர் முன்னாலும் அவள் பின்னாலுமாக, முன்பின் அறியாத இருவர் ஒரே வழியில் போவதுபோல வந்தார்கள். "இன்னா பேசறதுன்னே தெரியல டீச்சர்" என்றார் ஒருநாள். பள்ளியிலும் மாற்றங்கள் வந்தன. பி.டி. பீரியடில் பிள்ளைகளை மைதானத்துக்கே அனுப்பினோம். வாசலில் வடகம் விற்றவரிடம் பேசி, வேர்க்கடலையும் கொய்யாவும் கொண்டுவரச் செய்தோம். இவை எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவானவை. அவளுக்கு வேறொன்றும் நடந்தது. ஒரு காலையில், "உள்ள நீ இன்னாதான்பா பண்ற?" என்று அவள் கேட்டிருக்கிறாள். காருக்குக் கதவு மாட்டுவதை அவர் கையால் காட்டிக்காட்டிச் சொல்லிக்கொண்டு வந்ததில், பள்ளி மணி அடித்தது இருவருக்கும் காதில் விழவில்லை. அன்றைக்கு அவள் தாமதமாக வந்ததை நான் கேட்கவில்லை.

இப்போது அவள் ஒன்பதாம் வகுப்பு. நல்ல உயரம். கழுத்துக் கருமை பெரிதும் குறைந்திருக்கிறது, முழுக்கப் போகவில்லை. ஆண்டுக்கொருமுறை ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். இதுவரை சர்க்கரை இல்லை. இதுவரை என்றுதான் சொல்லமுடியும்.

போன வாரம் ஒரகடம் கூட்ரோட்டில் சாலையைக் கடக்க நின்றபோது அப்பாவையும் மகளையும் பார்த்தேன். புதுக் கார்களை ஏற்றிய நீளமான லாரி ஒன்று மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அப்பா கையை நீட்டி, "மேல மூணாவது வண்டி. அந்தக் கதவு நான் மாட்டினது" என்றார்.

"கதை வுடாதப்பா" என்றாள் மகள். சொல்லிவிட்டு, லாரி கண்ணுக்கு மறையும்வரை அந்த மூன்றாவது வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.