நாலு நாளைக்கு ஒரு தீபாவளி

இரண்டு இடத்தில் பெண் பார்த்தோம். இரண்டு இடத்திலும் என் வாயைக் காரணம் காட்டி வேண்டாமென்றார்கள். முகத்தைப் பற்றிப் பேச்சு வரும் முன்பே காரியம் முடிந்துவிட்டதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்தான். மூன்றாவது இடம் ருவான்வெல்லைப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டம். கரவனெல்லையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அத்தை சொல்லிவிட்டாள்: "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. வானம், நட்சத்திரம்னு ஆரம்பிச்ச, நான் அப்படியே திரும்பிப் பஸ் ஏறிருவேன்."

அவள் பயத்தில் நியாயம் இருந்தது. இரத்தினபுரியில் புத்தகக் கடையில் வேலை எனக்கு. விற்காத ஞாயிறு பத்திரிகைகளை நான்தான் படித்துத் தீர்ப்பேன். அந்த வாரம் படித்தது, எங்கோ ஒரு நட்சத்திரத்தை ஒட்டிக்கொண்டு சுற்றும் வாயுக் கிரகம் பற்றி. அதை யாரும் கண்ணால் கண்டதில்லை என்று பத்திரிகையே ஒப்புக்கொண்டிருந்தது. இஷ்டத்துக்கு அளந்துவிட எனக்கு அது போதாதா?

பெண் தேத்தண்ணி கொண்டுவந்தாள். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். தலையைக் குனியவில்லை. இந்த மரத்தில் இந்த வருஷம் கத்தி வைக்கலாமா என்று பார்ப்பதுபோல் என்னை மேலும் கீழும் பார்த்தாள். எனக்கு அந்தப் பார்வை பிடித்துப்போனது. இந்த இடமாவது தட்டிப்போகக் கூடாதே என்ற பதற்றத்தில் தேத்தண்ணியை ஒரே வாயாகக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

"சூடா இருக்கா தம்பி?" என்றார் அவள் அப்பா.

கேட்டுவிட்டார். பதில் சொல்லத்தானே வேண்டும்?

"இதெல்லாம் ஒரு சூடாங்க?" என்று தொடங்கினேன். வியாழன் அளவு பெரிய கிரகம், ஆனால் கால் வைக்கத் தரை கிடையாது. ஒரு முகம் எந்நேரமும் நட்சத்திரத்தைப் பார்த்தே வெந்துகொண்டிருக்கும், மறு முகத்தில் விடிவே இல்லை. மேகமெல்லாம் அடுப்புக்கரி நிறம் என்று சொந்தச் சரக்கையும் சேர்த்தேன். அங்கே நாலு நாளில் ஒரு வருஷம் முடிந்துவிடும் என்றதும் அவர் யோசித்தார்.

"அப்ப நாலு நாளைக்கு ஒரு தீபாவளி. வேலைக்கு எப்பத்தான் போறது?"

வாசலில் நின்றவள் சொன்னாள்: "அங்க எங்க பால் வெட்டுறது, அப்பா? ஒரு பக்கம் விடியவே இல்ல, மறுபக்கம் வெயில் எறங்கவே இல்ல. விடியக்கால குளிர்லதானே பால் ஓடும்." பிறகு என்னிடம், "மழை பெய்யுங்களா?"

ரப்பர்த் தோட்டத்தில் காலை மழை என்றால் அன்றைக்கு வெட்டு இல்லை. அந்தக் கவலையில் கேட்கிறாள். நானோ, "பெய்யும்ங்க. இரும்பு மழை" என்றேன்.

"அப்ப மழை மறைக்க மரத்துக்குப் பிளாஸ்டிக் கட்டியும் பிரயோசனமில்ல" என்று உள்ளே போய்விட்டாள். அத்தை பையைத் தோளில் மாட்டினாள். அந்தக் கிரகத்தில் எத்தனை புயல் வைத்தேன், எத்தனை மேகம் வைத்தேன்! ஒரு ரப்பர் மரம் நட மட்டும் இடம் விடவில்லை.

அடுத்த வாரம் அவள் அப்பா கடைக்கே வந்துவிட்டார். பத்திரிகைக் கட்டை அணைத்தபடி நின்றேன்.

"புள்ளைக்குச் சம்மதம். ஒண்ணே ஒண்ணு சொல்லச் சொன்னிச்சு. அது விடிய எந்திரிச்சு வெட்டுக்குப் போகணுமாம். ராத்திரியில உங்க கெரகம் பேசாம அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கணுமாம்."

அந்த மாதிரிக் கிரகம் திரும்பவே திரும்பாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன்.